அப்பாவும் அண்டர்டேக்கரும்

2014 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. வானொலியில் காலை நிகழ்ச்சிக்கு நான் வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழ முடியும். பாட்டு ஓடும் நாலு நிமிடத்தில் தண்ணீர் குடிப்பேன், அடுத்துப் பேச வேண்டியதை எடுத்து வைப்பேன். அன்று மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார் எங்கள் ஒலிப்பதிவு அண்ணன். 26 வயதுப் பெண் அடிக்கடி போனைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்?

"ரெசல்மேனியா ரிசல்ட் அண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

உங்களுக்கு ரெஸ்லிங் பிடிக்காமல் இருக்கலாம். "அதெல்லாம் சும்மா நடிப்பு" என்று சொல்பவராகவும் இருக்கலாம். அதையே நானும் ஒரு காலத்தில் என் அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் அப்பாவைப் பற்றி.

அப்பா கிள்ளானில் கொள்கலன் லாரி ஓட்டியவர். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றினால் ஜொகூர் போவார், பட்டர்வொர்த் போவார். வாரத்தில் இரண்டு மூன்று இரவுதான் வீட்டில் இருப்பார். அதில் ஓர் இரவு கண்டிப்பாக ரெஸ்லிங்குக்கு. தாமான் முனையில் இருந்த வீடியோ கடையில் இரண்டு வெள்ளி கொடுத்துக் கேசட் எடுத்து வருவார். பாட்டி நாற்காலியில், நானும் தம்பியும் பாயில். பாட்டிக்கு எல்லாமே நிஜம். பின்னால் ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "டேய், பின்னால பாருடா பாவி!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். அம்மா சமையலறையில் இருந்தபடியே, "பொம்பளப் பிள்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டுப் பாக்கற படமா இது?" என்பார். அப்பா சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். அவ்வளவுதான்.

அப்பாவின் ஆள் அண்டர்டேக்கர். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. மணி ஒருமுறை ஒலிக்கும், விளக்கு அணையும், அவர் அவசரமே இல்லாமல் நடந்து வருவார். எவ்வளவு அடித்துக் கீழே போட்டாலும், செத்தவர் போலக் கிடந்துவிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் படக்கென்று எழுந்து உட்காருவார். அப்பா இதை அச்சு அசலாகச் செய்வார். இரவு முழுக்க லாரி ஓட்டிவிட்டு வந்து வரவேற்பறைத் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நாங்கள் மெதுவாகக் கிட்டே போனால், கையை ஊன்றாமல் அப்படியே எழுந்து உட்கார்ந்து முறைப்பார். நாங்கள் அலறிக்கொண்டு ஓடுவோம்.

அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் கைமடக்கும் போட்டி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையை நான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பேன். முதலில் என் கை சாயும். தோற்கப் போகிறேன் என்று எனக்கு அழுகை வரும் நேரத்தில் அவர் கை நடுங்க ஆரம்பிக்கும். முகம் சிவக்கும். "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டே தோற்பார். தம்பி தரையில் தட்டி, ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணுவான். எனக்குப் பத்து வயது ஆகும்வரை, கிள்ளானிலேயே பலசாலி நான்தான் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படிக்கப் போனேன். அங்கே ஒரு விரிவுரையில் ரோலன் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றிப் பாடம். 1957-ல் வெளிவந்த அவருடைய 'மித்தாலஜிஸ்' நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தக் காட்சி பற்றியது. அது விளையாட்டு அல்ல, நாடகம். யார் ஜெயிப்பார் என்பதைவிட வலியும் நியாயமும் அநியாயமும் கண் முன்னே தெரிவதுதான் அங்கே முக்கியம் என்பது அவர் கருத்து. 1989-ல் அந்த அமெரிக்க நிறுவனமே நியூஜெர்சி மாநில அரசிடம் "எங்களுடையது கேளிக்கை, போட்டி விளையாட்டு அல்ல" என்று ஒப்புக்கொண்டதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். விளையாட்டு என்றால் அரசுக் கட்டுப்பாடுகளும் வரியும் உண்டு. அதிலிருந்து தப்பிக்கத்தான் அந்த ஒப்புதல்.

படித்த திமிர் என்று ஒன்று இருக்கிறதே. அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் முன்னாடியே எழுதி வச்சதுப்பா. யாரு ஜெயிக்கணும்னு ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்றாங்க" என்றேன்.

அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "சிவாஜி நடிச்ச கர்ணன் படத்த எத்தன தடவ பாத்திருப்போம்?"

"பத்து தடவை இருக்கும்."

"கர்ணன் கடைசியில செத்துப்போவான்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் அழுவுற?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று ஆண்டுப் படிப்பில் நான் கேட்ட நல்ல விரிவுரைகளில் அதுவும் ஒன்று.

2014 பிப்ரவரியில் அப்பாவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. பல வருட இனிப்பு நீர். சிறுநீரகம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது, டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும், அதற்கு முன்னால் கையில் ஒரு சிறிய அறுவை சிகிச்சை செய்து ரத்தக் குழாய்களை இணைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்பா மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "வாரத்துல மூணு நாளு மெஷின்ல கட்டிப் போட்டா லாரிய யாரு ஓட்டுவா? பாக்கலாம்" என்றார். பாக்கலாம், பாக்கலாம் என்றே இரண்டு மாதம் ஓடியது. காலுறை போட்டு வீக்கத்தை மறைத்துக்கொண்டு லாரி ஏறினார்.

நாட்டுக்கும் அது கனத்த காலம். எம்.எச். 370 விமானம் காணாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு மணி நேரச் செய்தியிலும் இந்தியப் பெருங்கடல்தான். என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அந்த மாதம் எங்கள் நிலையத்துக்குப் போன் செய்த ஒவ்வொரு குரலிலும் கேட்டேன். அந்தச் சூழலில் ரெஸ்லிங் முடிவுக்காகக் காத்திருப்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் காத்திருந்தேன். அது ரெசல்மேனியாவின் 30-வது ஆண்டு. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில் 75,167 பேர் கூடியிருந்ததாக அறிவித்தார்கள். அங்கே ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் காலை ஏழு மணி.

பாட்டுக்கு ஒன்றாக முடிவுகள் வந்தன. தொடக்கத்துக்கு முந்தைய இணையர் போட்டியில் ஊசோ சகோதரர்கள் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். முதல் பெரிய போட்டியில் டேனியல் பிரையன் டிரிபிள் எச்-ஐ வீழ்த்தினார். 'ஷீல்ட்' அணிக்கு மூன்று நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆந்த்ரே தி ஜயண்ட் நினைவுப் போட்டியில் சிசாரோ, மலை போன்ற பிக் ஷோவைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டார். ஜான் சீனா பிரே வயட்டை வென்றார். எல்லாம் சரி. எனக்கு வேண்டியது அடுத்ததுதான்.

அண்டர்டேக்கர் ரெசல்மேனியாவில் தோற்றதே இல்லை. 1991-ல் ஜிம்மி ஸ்னூகாவை வென்றதில் தொடங்கி, 2013-ல் சி.எம். பங்கை வென்றதுவரை 21-க்கு 21. ஒவ்வோர் ஆண்டும் அப்பா சமையலறை நாட்காட்டியில் அந்த எண்ணை எழுதி வைப்பார். எரிவாயு எப்போது வாங்கினோம், சாலை வரி எப்போது முடிகிறது என்ற குறிப்புகளுக்கு நடுவில் 19 - 0, 20 - 0, 21 - 0. அந்த ஆண்டு எதிராளி பிராக் லெஸ்னர். 22 ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

பத்து மணி வாக்கில், என் நிகழ்ச்சி முடிகிற நேரத்தில், முடிவு வந்தது. லெஸ்னர் வென்றார். 21 - 1.

தட்டச்சுப் பிழை என்றே நினைத்தேன். வேறு இரண்டு இடங்களில் பார்த்தேன். மூன்று முறை தூக்கி அறைந்திருக்கிறார். மூன்றாவது முறை அண்டர்டேக்கர் எழவில்லை. 25 நிமிடப் போட்டி. அரங்கமே சில நொடிகள் வாயடைத்துப் போனதாம்.

கடைசிப் போட்டியில் பிரையன், ரேண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா ஆகிய இருவரையும் எதிர்த்து நின்று உலகப் பட்டத்தை வென்ற செய்தி பிறகுதான் வந்தது. அது இன்னொரு அழகான கதை. பிரையன் குள்ளமான, தாடி வைத்த, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆள். நிறுவனம் முதலில் போட்ட கணக்கில் அந்த உச்சப் போட்டியில் அவர் இல்லை. ஜனவரியில் நடந்த ராயல் ரம்பிளில் அவரைச் சேர்க்கவில்லை என்று தெரிந்ததும் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். வென்ற பட்டிஸ்டாவுக்கும் அதே வரவேற்பு. வாரக்கணக்கில் இரண்டு விரல்களையும் உயர்த்தி "யெஸ், யெஸ்" என்று கத்திக் கத்தி, எழுதி வைத்த கதையையே மாற்ற வைத்தார்கள். ஒரே இரவில் ஒரு முடிவு மக்கள் கேட்டு வாங்கியது. இன்னொரு முடிவு யாருமே கேட்காதது.

சரி, அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்த நிகழ்ச்சி வார இறுதியில்தான் வரும். அப்பாவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய நோக்கியா. அதனால் மறைப்பது சுலபம் என்று நினைத்தேன். தம்பியிடம் சொல்லி வைத்தேன். அப்பா தேநீர் குடிக்கும் மாமாக் கடையில் அவருடைய கூட்டாளிகளிடமும் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். ரெஸ்லிங்கில் இதற்கு 'கேஃபேப்' என்று பெயர். மேடையில் காட்டும் கதையை மேடைக்கு வெளியேயும் கலைக்காமல் காப்பாற்றுவது. உடம்புக்கு முடியாத மனிதர், ஒரு வாரமாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு நேயர் நேரலையில் வந்தார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு விசயம்ங்க, நேத்து அண்டர்டேக்கர்..." என்றார். அவ்வளவுதான். என் கை தானாகப் பாட்டை ஓட விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் இன்னொரு செய்தி. எங்கள் பாயில் உட்கார்ந்து நாங்கள் கைதட்டிய அல்டிமேட் வாரியர் இறந்துவிட்டார். சனிக்கிழமை புகழரங்கில் சேர்க்கப்பட்டு, திங்களன்று மேடையேறிப் பேசி, செவ்வாயன்று மாரடைப்பு. 54 வயது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 56.

வார இறுதியில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாட்டி இல்லாத நாற்காலியில் அப்பா. மணி ஒலித்தது, விளக்கு அணைந்தது. அப்பா வழக்கம்போல, "வந்துட்டான்" என்றார். நான் போட்டியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை லெஸ்னர் தூக்கிப் போட்டதும் நடுவர் தரையில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"எண்ணுனது தப்பு!" என்று அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். திரையில் 21 - 1 என்று போட்டார்கள். அப்பா மெதுவாகச் சாய்ந்துகொண்டார். அண்டர்டேக்கர் எழுந்து, தள்ளாடி, அந்த நீண்ட பாதையில் தனியாக நடந்து போனார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"தலையில அடி பட்டிருக்கு. அவன் கண்ணப் பாரு" என்றார் அப்பா. அது உண்மைதான். அன்றிரவே மூளை அதிர்ச்சிக் காயத்துடன் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போட்டியே தனக்கு நினைவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே பேட்டிகளில் சொன்னார். முடிவுதான் எழுதி வைத்தது. விழுந்தது நிஜமான உடம்பு.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "ஒன்னு தெரிஞ்சுக்க பாப்பா. இவன் சரின்னு ஒத்துக்காம அவன் ஜெயிக்க முடியாது. தூக்குறவனுக்குப் பலம் வேணும். விழறவனுக்கு அதவிட வேணும்."

ரெஸ்லிங் ஆட்கள் தோற்பதை 'ஜாப்' என்றுதான் சொல்வார்கள். வேலை. தோற்பதும் ஒரு வேலை. அதை ஒழுங்காகச் செய்தால்தான் எதிரில் நிற்பவன் பெரிய ஆளாகத் தெரிவான். சாப்பாட்டு மேசையில் நடுங்கிய அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமையே பட்டு முடிச்சிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அப்பா சிரித்தார். "அந்த ஆளு அண்டர்டேக்கர்னு பேர எடுத்தோன்ன பாட்டப் போட்டியே. ஜெயிச்சிருந்தா நீயே மைக்ல கத்தியிருப்ப. லாரியில உன் நிகழ்ச்சியத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அப்படியென்றால் வாரம் முழுக்க அவருக்குத் தெரியும். "வந்துட்டான்" என்றது, நாற்காலி நுனிக்கு வந்தது, "எண்ணுனது தப்பு" என்று கத்தியது எல்லாம் எனக்காக. நான் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய ரகசியம் உடையக்கூடாது என்று.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "காலு வீங்குறத மறைக்கிறதும் இதே மாதிரிதானே? எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றேன்.

அப்பா தன் காலுறையைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. திரையில் பிரையன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனவர், பாதியில் இறங்கித் திரும்பி வந்துகொண்டிருந்தார். கடைசியில் பட்டிஸ்டா வலி தாங்காமல் தரையில் தட்டினார். அப்பா இரண்டு விரல்களையும் தூக்கி, "யெஸ்" என்றார். சத்தமில்லாமல்.

ஒரு ரெஸ்லிங் போட்டியைப் பார்த்து அப்பா மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். அதற்குப் பிறகும் மூன்று வாரம் "பாக்கலாம்" என்றார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்த பிறகுதான் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று சமையலறைக்குப் போனார். நாட்காட்டியில் 21 - 1 என்று எழுதினார். பக்கத்திலேயே டயாலிசிஸ் தொடங்கும் தேதியையும் எழுதினார்.

அதன்பிறகு ஐந்து ஆண்டுகள். திங்கள், புதன், வெள்ளி காலை. இடக்கையில் இணைத்த இடத்தில் காதை வைத்தால் உர்ரென்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். "லாரி எஞ்சின் இங்க வந்திருச்சு" என்பார். நாலு மணி நேரம் முடிந்து ஊசியை எடுத்ததும், சாய்ந்த நாற்காலியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, இடுப்புக்கு மேலே மட்டும் நிமிர்ந்து தாதியை முறைப்பார். புதிதாக வந்த தாதிகள் பயந்து போவார்களாம்.

2018 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. இப்போது அப்பாவிடமும் நல்ல கைப்பேசி இருந்தது. நான் மைக் முன்னால் இருக்கிறேன், அவர் மெஷினில் இருக்கிறார். பாட்டு ஓடும்போது அவரிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்டர்டேக்கர் ஜெயிச்சிட்டான். சீனா காலி. 3 நிமிசம் கூட இல்ல." கூடவே, "பசியாறிட்டியா?"

பசியாறிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

2019-ல் ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே, அப்பா போய்விட்டார். அன்று மெஷினுக்குப் போக வேண்டிய நாள்கூட இல்லை. 2020 நவம்பர் 22-ல், முதன்முதலாக மேடையேறி சரியாக 30 ஆண்டு ஆன நாளில், அண்டர்டேக்கரும் விடைபெற்றார். கோவிட் காலம் என்பதால் அரங்கில் ஆட்கள் இல்லை, சுற்றிலும் திரைகளில் முகங்கள் மட்டும். இங்கே நாமும் வீட்டுக்குள்தான். மணி ஒலித்தபோது பக்கத்தில் "வந்துட்டான்" என்று சொல்ல ஆளில்லை. அவருடைய கடைசிக் கணக்கு 25 - 2. இப்போதும் அந்த ஒன்றைத்தான், முதல் தோல்வியைத்தான், எல்லாரும் பேசுகிறார்கள்.

என் மகனுக்கு நாலு வயது. போன வாரம் அதே சாப்பாட்டு மேசையில் முட்டி போட்டு ஏறி, கையை நீட்டினான். முதலில் அவன் கையைச் சாய்த்தேன். அவன் உதடு பிதுங்கும் நேரம் பார்த்து என் கையை நடுங்க விட்டேன். "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய வேலை அது என்று அப்போதுதான் தெரிந்தது. சீக்கிரம் விட்டால் கண்டுபிடித்துவிடுவான். அதிகம் பிடித்தால் அழுதுவிடுவான்.

என் கை மேசையைத் தொட்டதும், "ஒன்னு, ரெண்டு, மூணு!" என்று மேசையில் ஓங்கித் தட்டி எண்ணியது யார் தெரியுமா? அம்மா.